பின்னால் பிடித்து ஓடியவர்

திருமுல்லைவாயில்,
ஈசுவர வருஷம், மாசி மாதம், புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணன் தசரதன் அவர்களுக்கு, தங்கை வடிவு நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

அண்ணி நாகம்மாளின் இருமல் தேவலையா? கோலாரில் பனி விட்டதா? இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. இருக்கிற கோபத்தில் பேனா நிப்பு முறியாமல் இருந்தால் போதும்.

என் மூத்தார் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாராம். உங்கள் மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாரே, அந்த மனுஷர்தான். உள்ளே என்ன எழுதியிருப்பார் என்று பார்க்காமலே சொல்வேன். உங்கள் தங்கை புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பூந்தமல்லி பஜாரில் சைக்கிள் விட்டாள், குடும்ப மானம் போயிற்று, வந்து கூட்டிக்கொண்டு போ என்று எழுதியிருப்பார். ஆமாம், விட்டேன். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஏன் விட்டேன் என்று அவர் எழுதியிருக்க மாட்டார். அதை நான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

தலை தீபாவளிக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த சைக்கிள்தான் இத்தனைக்கும் ஆரம்பம். மாப்பிள்ளை ஆவடி ஸ்டேஷனுக்குப் போக வர சௌகரியமாக இருக்கட்டும் என்று கொடுத்தீர்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? சனிக்கிழமை அரை நாளோடு ஆபீஸ் விட்டதும் வீட்டுக்கு வந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் பறந்துவிடுவார். அங்கே ஹாஜா மொய்தீன் என்று அவருடைய சிநேகிதர் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கூடப் படித்த மணவாளனும் அங்கே வந்து சேருவார். மூன்று பேரும் கூடாரக் கித்தானையும் டேக்ஸாப் பாத்திரத்தையும் அரிசியையும் அரிக்கேன் விளக்கையும் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு வாரம் செங்குன்றம், ஒரு வாரம் திருப்பாச்சூர், ஒரு தடவை பழவேற்காடு. ஏதாவது ஏரிக்கரையிலோ தோப்பிலோ கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயத் திரும்பி வருவார்கள்.

முதலில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நல்ல புடவை ஒன்றைக் கூடாரத்துக்குத் திரையாகக் கட்டிக் கிழித்துக்கொண்டு வந்தார். போதாக்குறைக்கு அவர்களுக்குள் ஒரு சட்டம் வேறு. யாருடைய டயர் பஞ்சர் ஆகிறதோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டுமாம். கருவேல முள்ளுக்கு இவர் டயர் என்றால் அப்படி ஒரு ஆசை! வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவாத மனுஷர் ஏரி மணலைப் போட்டு டேக்ஸா தேய்த்தார் என்று மணவாளன் சொல்லிச் சிரித்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நாங்கள் மட்டும் ஆயுசு முழுக்க அடுப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டேன். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் எங்களுக்கும் ஒரு வழி பிறந்தது. வண்டிக்காரன் வேம்புலியின் கூண்டு வண்டியில் திரை கட்டி, நானும் ஹாஜா மொய்தீன் சம்சாரம் ராபியாவும் எப்போதாவது கூடப் போகத் தொடங்கினோம். ராபியாவை அவள் மாமியார் லேசில் வெளியே அனுப்புகிறவர் இல்லை. "முல்லவாயிலு பொண்ணு தொணைக்கு வருதுன்னா போய்ட்டு வா" என்று என்னை நம்பித்தான் அனுப்பினார். இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார்? ராபியாவும் அவள் புருஷனும் கற்றுக்கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று இங்கே ஒரு கதை கட்டியாயிற்று. ராபியா தண்ணீரில் கால் வைக்கவே நூறு தடவை யோசிப்பாள். ஹாஜா மொய்தீன் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசினதில்லை. "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டாலும் சோற்றுப் பானையைப் பார்த்துத்தான் கேட்பார். கற்றுக்கொடுத்தது உங்கள் மாப்பிள்ளை. மறுபடியும் எழுதுகிறேன், உங்கள் மாப்பிள்ளை.

போன ஆனி மாதம் செங்குன்றத்து ஏரி வற்றி, கரையோரம் முழுக்கக் கட்டாந்தரையாகக் கிடந்தது. நான் சும்மா சைக்கிளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏறிக்கோ வடிவு, நான் பின்னால புடிச்சிக்கினு கீறேன்" என்று அவர்தான் சொன்னார். ஆம்பிளை சைக்கிள், குறுக்கே கம்பி. புடவையை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். நான் விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டபோது சமையல் மூட்டையிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்துப் போட்டவரும் அவர்தான். அதற்கப்புறம் போன இடத்திலெல்லாம் விட்டேன். நான் நேராக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்த அன்றைக்கு, அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே அண்ணா! மணவாளனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டில் மட்டும் சொல்லாதே, அண்ணன் கத்துவார் என்றார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் இருந்தோம். ஹாஜா மொய்தீனும் மணவாளனும் மீன் பிடிக்கத் தூண்டிலோடு தூரத்து மதகுப் பக்கம் சைக்கிளில் போயிருந்தார்கள். வேம்புலி மாட்டை அவிழ்த்து மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருந்தான். இவர் விறகு பிளக்கிறேன் என்று உட்கார்ந்தார். கத்தி கட்டையில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ரத்தம் அப்படிக் கொட்டியதை நான் பார்த்ததே இல்லை. ராபியா தன் துப்பட்டியைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். துப்பட்டி நனைந்து கீழே சொட்டியது. அவர் முகம் வெளுத்து, கண் சொருக ஆரம்பித்தது. கத்திப் பார்த்தேன், யாரும் இல்லை. புளியமரத்தில் அவர் சைக்கிள் சாய்ந்திருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நடந்து போயிருக்க வேண்டுமா? மூத்தாரிடம் இதைக் கேட்டுப் பதில் வாங்கிக் கொடுங்கள்.

பூந்தமல்லி பஜாருக்குள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு நுழைந்தேன். ஜவுளிக் கடை வாசல் பெஞ்சியில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் வசந்தாவுக்குத் திருவள்ளூரில் ஒரு வரன் பார்த்திருக்கிறார்கள். பையனின் அப்பா திருவேங்கடமும் பக்கத்தில் இருந்தார். மூத்தாரைப் பார்த்ததும், அம்மன்தான் கொண்டுவந்து உட்கார வைத்தாள் என்று நினைத்தேன். ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்தி, "மாமா, உங்க தம்பி கால்ல கத்தி வெட்டிடுச்சி, ரத்தம் நிக்கல, ஆஸ்பத்திரிக்குப் போறேன், சீக்கிரம் வாங்க" என்று கத்தினேன். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். திருவேங்கடம் யாருங்க இந்தப் பொண்ணு என்று கேட்டார். "யாரோ, இன்னாவோ. எனக்குத் தெரியாது" என்று சொல்லி முகத்தைக் கடைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணா, என்னைத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளட்டும். அங்கே ரத்தம் கொட்டிக்கொண்டு கிடந்தது அவர் தம்பி இல்லையா?

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒருவர் நல்லவர். ஒரு வார்த்தை கேள்வி கேட்கவில்லை. ஜட்கா பிடித்து, மருந்துப் பெட்டியோடு கூட வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று பிறகு டாக்டரே சொன்னார். அதற்குள் ஹாஜா மொய்தீன் திரும்பி வந்திருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் ஜட்காவில் இவர் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தவர் அவர்தான். கைலியெல்லாம் ரத்தம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். நான் யார் என்று திருவேங்கடத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. பூந்தமல்லியில் அதை மறைக்க முடியுமா? சம்பந்தம் நின்றது. நான் சைக்கிள் விட்டதால் நின்றது என்று மூத்தார் வீடு அதிரக் கத்துகிறார். ஆனால் திருவேங்கடம் சொன்னதாக மணவாளன் காதுக்கு வந்தது வேறு. "தம்பி பொண்டாட்டியையே தெரியாதுன்னவரு, நாளைக்கு எங்களத் தெரியாதுன்னு சொல்ல எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அந்த நியாயத்தை இந்த வீட்டில் நான் எடுத்துச் சொன்னால் வாயாடி என்கிறார்கள்.

சைக்கிளை நெல் போடுகிற அறையில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி என் ஓரகத்தி பொன்னம்மாளின் இடுப்பில். நேற்று ஹாஜா மொய்தீன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு இவரைப் பார்க்க வந்தார். மூத்தார் வாசல் படலைத் திறக்கவே இல்லை. "இன்னா வேல உனக்கு இங்க? எங்க ஊட்டுப் பொம்பளய சைக்கிள்ல ஏத்தி உட்டது போதாதா?" என்றார். அந்த மனுஷர், "பாத்துட்டுப் போலாம்னுதான் அண்ணாத்தே வந்தேன், கால் எப்பிடி கீது?" என்று கேட்டு, பழத்தைப் படல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். ஏற்றிவிட்டது தான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் என்று அவருக்குத் தெரியாதா? சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நின்றார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாம் காதில் விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பங்காளிகளை எல்லாம் கூட்டப்போகிறார்கள். திருவேங்கடத்தையும் வரவழைக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் நான், பூந்தமல்லிக்காரர்கள்தான் ஆசை காட்டி என்னைச் சைக்கிளில் ஏற்றினார்கள், தெரியாமல் செய்துவிட்டேன், இனி அவர்கள் முகத்தில் விழிக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் சம்பந்தம் கூடுமாம். மூத்தார் சொன்னது கிடக்கட்டும். ராத்திரி உங்கள் மாப்பிள்ளையும் அதையே கெஞ்சினார். "ஒரு வார்த்த சொல்லிடு வடிவு. வசந்தா கல்யாணம் முடியட்டும். அப்பறம் ஹாஜாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள், விஷயம் தீர்ந்தது என்றேன்.  தன் அண்ணன் கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று முன்னமே சொல்லிவிட்டாராம்!

என்னை நம்பி மருமகளை அனுப்பினாரே ஒரு மாமியார், அவர் முகத்தில் நான் கரி பூச மாட்டேன். அது நடக்காது. உங்கள் பதில் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்று தெரியும். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, எழுதினேன்.

அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோபக்காரத் தங்கை
வடிவு



திருமுல்லைவாயில்,
மாசி மாதம், சனிக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, வடிவு எழுதும் மறு கடிதம்.

முந்தின கடிதம் கிடைத்திருக்கும். அதற்கு என்ன பதில் எழுதியிருந்தாலும் அது இருக்கட்டும். நேற்று எல்லாம் முடிந்துவிட்டது.

கூடத்தில் பாய் விரித்துப் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். திருவேங்கடமும் வந்திருந்தார். உங்கள் மாப்பிள்ளையைக் கட்டிலோடு தூக்கி வந்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். நான் தூண் பக்கத்தில் நின்றேன். மூத்தார் என் பக்கம் பார்க்காமலே, "சொல்லும்மா, யாரு உன்ன சைக்கிள்ல ஏத்துனது? பயப்படாம சொல்லு" என்றார். குரலில் அப்படி ஒரு தேன். பூந்தமல்லி பஜாரில் எங்கே போயிருந்ததோ அந்தத் தேன்!

நான் இவரைப் பார்த்தேன். சும்மா ஒரு பார்வை இல்லை அண்ணா. கூடத்தில் இருந்த அத்தனை பேரும், இவள் ஏன் புருஷனையே பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பார்த்தேன். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்தப் பார்வை புரிந்திருக்கும். அவர் காலில் சுற்றிய துணியின் நுனியைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று அவர் சொன்னால் போதும், வேறு எதுவும் வேண்டியதில்லை. அதற்கு மேல் என்னைத் துரத்தியிருந்தாலும் சிரித்துக்கொண்டே போயிருப்பேன். துணி நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் சொன்னேன், "யாரும் ஏத்தல. நானேதான் ஏறினேன். நானேதான் கத்துக்கினேன்." மூத்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. நன்றாக யோசித்துச் சொல் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். திருவேங்கடம் இளவயசில் சைக்கிள் விட்டவர் போலிருக்கிறது. "பின்னால ஒருத்தர் புடிக்காம எப்பிடிம்மா கத்துக்க முடியும்?" என்று தன்மையாகத்தான் கேட்டார். முழங்கைத் தழும்பைக் காட்டி, விழுந்து விழுந்து கற்றுக்கொண்டேன் என்றேன். அந்தத் தழும்புக்கு மஞ்சள் குழைத்துப் போட்ட கை எனக்கு நேர் எதிரே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் பொய் சொன்னேன். அம்மா இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாள். ஆனால் ஹாஜா மொய்தீன் தலையில் பழி விழாமல் நிறுத்த வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அவர் அதற்கும் தெரியாது என்று சொல்லிவிட்டால்? அதைக் காதால் கேட்டுவிட்டு நான் அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவேன்? அந்தப் பயம்தான். வேறென்ன.

வசந்தா சம்பந்தம் கூடிவிட்டது. யார் மேலும் பழி போடாத இந்தப் பெண் இருக்கிற வீடு போதும் என்று திருவேங்கடமே சொல்லிவிட்டார். திருவேங்கடம் எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் நன்றாக வாழட்டும், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடி சொல்லாததற்கு மூத்தார் எனக்கு விதித்தது, கல்யாணம் முடிகிற வரைக்கும் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது. அதற்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்வார்களாம், "பாத்துக்கலாம்" என்றார் மூத்தார். அம்மாவும் நைனாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் கோலார்தான். சாயங்காலம் இவர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள்தானே வடிவு" என்றார். கையில் பால் டம்ளர் இருந்தது. அவர் தலையில் கொட்டாமல் வைத்துவிட்டு வந்தேனே, என் பொறுமையை மெச்சிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஆனால் போதும் என்று மணியடித்துக்கொண்டு கிளம்பிய ஆள், இன்றைக்குப் பகல் முழுக்க வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். மணவாளன்கூட வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, அதுவே இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். சைக்கிளைத் திருப்பிக் கேட்காதீர்கள். அது அவருக்குக் கொடுத்தது. வரும் வழியில் முடிந்தால் பூந்தமல்லி போய், ஹாஜா மொய்தீன் கடையில் ஒரு நிமிஷம் நின்று, வடிவின் அண்ணன் என்று சொல்லி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ராபியாவின் துப்பட்டிக்குப் பதில் ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், அதையும் எப்படியாவது சேர்ப்பித்துவிட வேண்டும்.

மூத்தாரோடு சண்டை போடாதீர்கள். அவரிடம் எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. உங்கள் மாப்பிள்ளையையும் ஒன்றும் கேட்காதீர்கள், ஏன் என்று கூடக் கேட்காதீர்கள். கேட்டுச் சொல்ல வைத்தால் அது எனக்கு வேண்டாம்.

கோலைப் பிடித்துக்கொண்டாவது ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து வண்டி ஏற்றிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். வருவார் என்றுதான் நினைக்கிறேன். வந்து நின்று, வண்டி வருகிற நேரத்தில் என்னிடமோ உங்களிடமோ ஏதாவது சொல்ல வாயெடுத்தால், நேரமாச்சு, ஏறு என்று என் கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள் அண்ணா. அவருக்கு எதையும் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த வண்டி போனால் போகட்டும். நாம் அடுத்த வண்டிக்குப் போகலாம்.

நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பச்சையம்மனை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை
வடிவு